3 அடிப் பலகையில் ஏற்காடு ரயில்: எந்த வளைவு பொருந்தும்?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். மாடி அறையில் 6 அடிக்கு 3 அடிப் பலகை போட்டு ஹெச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) மாடல் ரயில் அமைக்கிறேன். பின்னணியில் சேர்வராயன் மலை, அதில் ஏறிப் போகும் ரயில் என்பது திட்டம். ஒரு டீசல் இன்ஜினும் முழு நீளத்தில் செய்த மூன்று ஐ.சி.எஃப். (சென்னைத் தொழிற்சாலை வகை) பெட்டிகளும் இருக்கின்றன. 371 மி.மீ. ஆரம் கொண்ட வளைவுகளை வாங்கிப் போட்டேன். இன்ஜின் தனியாக நன்றாக ஓடுகிறது. பெட்டிகளை மாட்டினால், முக்கியமாக பாயிண்ட் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்) அருகே, தடம் புரள்கின்றன. 438 மி.மீ. வளைவு வாங்கினால் சரியாகுமா?

பதில்: கொஞ்சம் குறையும், தீராது. அதோடு உங்கள் பலகையில் 438 உட்காரவே உட்காராது. பணம் கொடுப்பதற்கு முன்பு கேட்டீர்கள், நல்லது.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஒரு நீளமான பஸ் திரும்பும்போது கவனித்திருப்பீர்கள்: நடு வயிறு உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும், வால் வெளியே வீசும். ரயில் பெட்டியும் அப்படித்தான். இன்ஜின் தப்பித்து பெட்டி மாட்டிக்கொள்வதற்கு அதன் நீளமே காரணம். ஐ.சி.எஃப். பெட்டியின் நிஜ நீளம் 21.3 மீட்டர்; 87-ஆல் வகுத்தால் 245 மி.மீ. அடியில் உள்ள இரண்டு சக்கரத் தொகுதிகளின் மையங்களுக்கு இடையே ஏறக்குறைய 170 மி.மீ. இந்தப் பெட்டி 371 மி.மீ. வளைவில் நின்றால் அதன் நடுப்பகுதி உள்ளே 10 மி.மீ. தள்ளும், முனை வெளியே 10 மி.மீ.க்குச் சற்று அதிகமாக நீட்டும். அந்த முனையில்தான் அடுத்த பெட்டியை மாட்டும் கொக்கி இருக்கிறது. கொக்கி பக்கவாட்டில் இழுக்க, எடை குறைந்த பெட்டியின் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடுகிறது.

பாயிண்ட் அருகே ஏன் அதிகம்? ஒரு வளைவு முடிந்ததும் எதிர்ப்பக்கம் திரும்பும் இன்னொரு வளைவு தொடங்குகிறது. முன்பெட்டியின் வால் ஒரு பக்கம், பின்பெட்டியின் தலை மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்த் தண்டவாளம் வேண்டும். உங்களுக்கு அது 25 செ.மீ. செலவில்லாத இந்த மாற்றத்தை முதலில் செய்து பாருங்கள். பாதித் தொல்லை இதிலேயே போய்விடும்.

சரி, எவ்வளவு ஆரம் போதும்? உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியை அளந்துகொள்ளுங்கள். அதைப் போல் 2 மடங்கு ஆரம் இருந்தால் பெரும்பாலும் ஓடும். 2.5 மடங்கு என்றால் நம்பி ஓட்டலாம். 3 மடங்குக்கு மேல் போனால் கண்ணுக்கும் உறுத்தாது. உங்கள் பெட்டிக்கு இவை 490, 612, 735 மி.மீ. ஹார்ன்பி, பீக்கோ போன்ற நிறுவனங்களின் ஆயத்த வளைவுகள் 371, 438, 505, 572 என்று வரும். ஆக, 505-இல்தான் உங்கள் ரயிலுக்குக் கணக்கே தொடங்குகிறது. சின்ன வளைவுக்கென்றே நீளம் குறைத்துச் செய்த பெட்டிகளும் விற்கின்றன. அவை 438-இல் ஓடும். முழு நீளப் பெட்டிக்கு அந்தச் சலுகை இல்லை.

இனி பலகை. 3 அடி என்பது 915 மி.மீ. 438 மி.மீ. ஆரத்தில் முழுத் திருப்பம் போட்டால், பெட்டியின் மூலைகளையும் சேர்த்து 930 மி.மீ. தேவை. உங்கள் பெட்டி பலகையின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கும். 505-க்கு, இரு பக்கமும் 5 செ.மீ. பாதுகாப்பு விளிம்பு விட்டால், 4 அடி அகலம் வேண்டும். கடையில் ப்ளைவுட் எட்டுக்கு நாலு என்றுதான் வரும். அதை ஆறுக்கு நாலாக அறுத்தால் போதும். அறையில் அந்த ஓரடி கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் 505 வாங்குங்கள், உங்கள் பெட்டிகளை அப்படியே ஓட்டலாம். 572 வேண்டாம், 4 அடியில் அது விளிம்பை ஒட்டிவிடும், பெட்டி கவிழ்ந்தால் நேரே தரையில்தான் விழும்.

ஓரடி கிடைக்காவிட்டால் ரயிலை மாற்றுங்கள். உங்கள் திட்டத்துக்கு இதுவே பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம். ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது. நீங்கள் அமைப்பது கற்பனைப் பாதை. அப்படி ஒரு பாதை போட்டிருந்தால் அகலப் பாதையாகப் போட்டிருப்பார்களா? இந்திய ரயில்வே அகலப் பாதையில் அனுமதிக்கும் மிகக் கடுமையான வளைவு 10 டிகிரி, அதாவது 175 மீட்டர் ஆரம். ஹெச்.ஓ.வில் அதுவே 2 மீட்டர் வந்துவிடும். மீட்டர் கேஜுக்கு 16 டிகிரி, 109 மீட்டர். குறுகிய பாதைக்கு 40 டிகிரி, 44 மீட்டர்தான். மலைகளில் சிறிய கேஜை (இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலத்தை) தேர்ந்தெடுத்ததற்கு இது பெரிய காரணம். ஊட்டி ரயிலுக்கு மேட்டுப்பாளையத்தில் இறங்கி மாறுகிறோமே, அதையே இங்கே செய்யுங்கள். முன்பக்கம் சேலம் ஜங்ஷன்: வளைவே இல்லாத அகலப் பாதை, அதில் உங்கள் டீசலும் நீலப் பெட்டிகளும் அழகாக நிற்கட்டும். மலை ஏறுவது 9 மி.மீ. தண்டவாளத்தில் ஒரு குறுகிய பாதை. 762 மி.மீ. நிஜ கேஜை 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 மி.மீ. வருவதால், ‘N’ எனப்படும் சிறிய மாடல் அளவின் தண்டவாளம் அப்படியே பொருந்தும். அதில் 228, 263 மி.மீ. வளைவுகள் கிடைக்கின்றன. குட்டி இன்ஜின், அரைச் சாண் நீளப் பெட்டிகள். காபி மூட்டை ஏற்றலாம், பாக்சைட் ஏற்றலாம். சேர்வராயனில் இரண்டும் உண்டு. 3 அடியில் கொண்டை ஊசித் திருப்பமே போட முடியும், பார்க்கவும் நம்பும்படி இருக்கும்.

ஏற்றத்தில் மட்டும் ஆசையை அடக்க வேண்டும். வளைவே ஒரு ஏற்றம்போல இன்ஜினை இழுத்துப் பிடிக்கும். 813-ஐ மி.மீ.யில் உள்ள ஆரத்தால் வகுத்தால், அந்த வளைவு எத்தனை சதவீத ஏற்றத்துக்குச் சமம் என்று தோராயமாகத் தெரியும். 371 வளைவுக்கு 2.2 சதவீதம். அதில் 3 சதவீதம் ஏற்றினால் இன்ஜினுக்கு அது 5-க்கு மேல். கல்லாறு–குன்னூர் இடையே 12-க்கு 1 ஏறுகிறதே என்று நினைக்காதீர்கள். அங்கே நடுவில் பல்சக்கரப் பாதை இருக்கிறது. நீங்கள் வளைவில் 2 சதவீதத்தோடு நிறுத்துங்கள், நேர்ப்பகுதியில் 3 போகலாம். ஏற்றமும் வளைவும் ஒரே இடத்தில் தொடங்க வேண்டாம்.

குகை வைப்பதாக இருந்தால் வாயிலை அட்டையில் வெட்டி நிறுத்தி, மிக நீளமான பெட்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். வளைவில் உள்பக்கம் நடுவயிறு இடிக்கிறதா, வெளிப்பக்கம் மூலை இடிக்கிறதா என்று தெரிந்த பிறகு பிளாஸ்டர் பூசலாம். தண்டவாளத்தையும் உடனே ஆணி அடித்துவிடாதீர்கள். தளர்வாக மாட்டி, மெதுவாகவும் வேகமாகவும், பெட்டிகளை முன்னால் வைத்துத் தள்ளிக்கொண்டும் ஓட்டுங்கள். பின்னோக்கித் தள்ளும்போது புரளாத வளைவை மட்டும் நிரந்தரமாகப் பதியுங்கள்.