லேசான ரைபிளுக்கு எந்த ஸ்கோப்?

கேள்வி: நியூசிலாந்தில் இருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர்களோடு மான் வேட்டைக்குப் போய்ப் பழகி, உரிமமும் எடுத்துவிட்டேன். டிக்கா டி3எக்ஸ் லைட் ரைபிள், .308 தோட்டா போடுவது, வாங்கியிருக்கிறேன். கடையில் 6 முதல் 24 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும், 50 மி.மீ. முன் லென்ஸ் உள்ள ஸ்கோப் (துப்பாக்கி மேல் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கிவிடலாமா?
- வாசகர், கிறைஸ்ட்சர்ச்

பதில்: வேண்டாங்க. அது இலக்குப் பலகையைச் சுடுகிறவர்களுக்கான சாமான். உங்கள் ரைபிள் ஏறக்குறைய 2.9 கிலோ. சதர்ன் ஆல்ப்ஸ் மலைச் சரிவில் நாள் முழுக்கச் சுமக்க வேண்டும் என்றுதானே லேசானதாகப் பார்த்து வாங்கினீர்கள்? அதன் தலையில் முக்கால் கிலோவை ஏற்றினால் கொடுத்த காசு வீண். அதைவிட, எடை முழுக்க மேலே உட்கார்ந்துவிடுவதால் தோளில் வைத்ததுமே துப்பாக்கி பக்கவாட்டில் சாயப் பார்க்கும். 2.5-8x36 (2.5 முதல் 8 மடங்கு, 36 மி.மீ. முன் லென்ஸ்) அல்லது 3-9x40 அளவில் 350 கிராம் சுமாருக்கு நல்ல ஸ்கோப்புகள் கிடைக்கின்றன, அதற்கு மேல் போகாதீர்கள்.

எல்லோரும் மடங்கில் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள், நான் சின்ன எண்ணைப் பார்க்கச் சொல்வேன். பீச் (beech) மரக்காட்டுக்குள் மான் 40 மீட்டரில் திடீரென்று எழுந்து நிற்கும். அந்தத் தூரத்தில் 6 மடங்கில் இரண்டு மீட்டர் சொச்சம் அகலம்தான் கண்ணுக்குக் கிடைக்கும், வெறும் பழுப்பு ரோமம் தெரியும், அது தோளா தொடையா என்று தேடுவதற்குள் மான் போயிருக்கும். 2.5 மடங்கில் ஐந்து மீட்டர் கிடைக்கும்.

வெளிச்சக் கணக்கும் அப்படித்தான். முன் லென்ஸின் அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் வரும். 36ஐ 6ஆல் வகுத்தால் 6 மி.மீ., அந்தி நேரத்தில் விரியும் கண்மணிக்குப் போதும். நீங்கள் சொன்ன 50 மி.மீ. லென்ஸில் 24 மடங்கு வைத்தால் 2 மி.மீ.தான், மான் வெளியே வரும் நேரத்தில் இருட்டடித்துப் போகும்.

இனி முக்கியமானது, உதை, அதாவது சுட்டதும் துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிப்பது. அதே தோட்டாவை 4 கிலோ துப்பாக்கியில் சுடுவதைவிட 3 கிலோவில் சுட்டால் உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதனால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் குறைந்தது 9 செ.மீ. இடைவெளி இருந்தும் படம் முழுசாகத் தெரிய வேண்டும். சில ஸ்கோப்புகளில் மடங்கைக் கூட்டினால் இந்த இடைவெளி குறையும், ஆகவே கூடுதல் மடங்கில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். கடைக்குப் போகும்போது மலைக்குப் போடும் அதே தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். துப்பாக்கி காலியா என்று பார்த்துவிட்டு, கண்ணை மூடித் தோளில் வைத்து, அப்புறம் கண்ணைத் திறங்கள். ஓரத்தில் கறுப்பு வளையம் இல்லாமல் முழு வட்டம் தெரிந்தால் சரி. தலையை முன்னே நீட்டித் தேட வேண்டியிருந்தால் அந்த ஸ்கோப் உங்களுக்கு ஆகாது. மேட்டைப் பார்த்துப் படுத்துச் சுடும்போது தலை இன்னும் முன்னே போகும், ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

குறுக்குக் கோடு ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்த சாதாரண வகையே போதும். 150 கிரெய்ன் (சுமார் 9.7 கிராம்) குண்டு 200 மீட்டரில் குறியிலேயே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டால், 300 மீட்டரில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கும். அதற்கு மேல் தூரத்தில் இப்போதைக்குச் சுட வேண்டாம். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் வளையங்களில் கஞ்சம் பிடிக்காதீர்கள். டிக்காவின் மேல்பகுதியிலேயே 17 மி.மீ. பள்ளம் வெட்டியிருக்கிறது, அதில் நேரே பூட்டும் அலுமினிய வளையம் வாங்கினால் தனி அடித்தளம் தேவையில்லை, எடையும் மிச்சம். திருகுகளை வளையத்தோடு தரும் குறிப்பில் சொன்ன அளவுக்கே முடுக்குங்கள். உதையில் தளர்ந்த திருகைக் கவனிக்காமல் ஸ்கோப்பைக் குறை சொல்கிறவர்கள் ஏராளம்.

கேள்வி: நல்ல ஸ்கோப் இருக்கும்போது பைனாகுலர் எதற்கு?
- அதே வாசகர்

பதில்: ஸ்கோப்பால் தேடினால் துப்பாக்கி முனையும் கூடவே திரும்பும், அங்கே நிற்பது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். மான் என்று நினைத்துக் கூட வந்தவரையே சுட்டுக் கொன்ற சம்பவங்கள் அந்த நாட்டில் நடந்திருக்கின்றன. இலக்கு இன்னதென்று துளி சந்தேகமின்றி உறுதி செய்துகொள் என்பது உரிமத்துக்காக நீங்கள் படித்த ஏழு விதிகளில் ஒன்று. பணம் பற்றவில்லை என்றால் ஸ்கோப்பில் ஒரு படி இறங்கி வாங்குங்கள், மிச்சத்தில் 8x32 பைனாகுலர் ஒன்றை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.