எல்லாவற்றுக்கும் என்னையே கூப்பிடுகிறார்கள்

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் யூனிட்டில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் கீழ் பன்னிரண்டு பேர். எதற்கெடுத்தாலும் "சார், இங்க வாங்க" என்கிறார்கள். நான் லீவு போட்டால் ரிஜெக்‌ஷன் கூடிவிடுகிறது. "கேள்வி கேட்டு யோசிக்க வையுங்கள், அதுதான் கோச்சிங்" என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். கேட்டால் முழிக்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: முழிக்கத்தான் செய்வார்கள். வேலை தெரிந்தவரிடம் கேட்டால்தான் அது கோச்சிங். தெரியாதவரிடம் கேட்டால் பரீட்சை. முதலில் காட்டிக்கொடுங்கள், கேள்வியெல்லாம் அப்புறம்.

காட்டிக்கொடுக்க ஒரு பழைய முறை இருக்கிறது. 1940-களில், போர்க்காலத்தில், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களைச் சீக்கிரம் பழக்க உருவானது. பிறகு ஜப்பான் போய் அங்கே நன்றாக வேர்விட்டது. ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்யச் சொல்லிப் பார், பிறகு அவ்வப்போது கவனி என்று நாலே படி. நம் ஊரில் இரண்டாவதோடு நின்றுவிடுகிறோம்.

பம்பிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரை மோல்டில், அதாவது அச்சில், வைத்துச் சூடாக அழுத்தும் பிரஸ்ஸை மூடியதும் லேசாகத் திறந்து மூடிக் காற்றை வெளியேற்றுகிறோம். "ரெண்டு தடவை பண்ணுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அவசரத்தில் அதைத்தான் முதலில் விடுவார். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: காற்று உள்ளேயே நின்றால் பீஸில் குழி விழும்; ரப்பர் வேக ஆரம்பித்த பிறகு பம்ப் செய்தால் பீஸ் பிளந்துவிடும். அதனால்தான் மூடிய உடனே செய்ய வேண்டும். பிறகு அவரே செய்யட்டும். செய்துகொண்டே ஒவ்வொரு படியையும் ஏன் என்பதோடு வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அதைத் திரும்பக் காட்டுங்கள்.

தனியாகச் செய்யப் பழகியவரிடம்தான் கேள்வி. அதையும் "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று ஆரம்பிக்காதீர்கள்; அது விசாரணை, பதிலாகச் சாக்குதான் வரும். குழி விழுந்த பீஸை அவர் கையில் கொடுத்து, "எந்தப் பக்கம் விழுந்திருக்கு? எல்லா கேவிட்டியிலயும் (பீஸ் உருவாகும் அச்சுப் பள்ளம்) இருக்கா, ஒண்ணுல மட்டுமா?" என்று கேளுங்கள். ஒன்றில் மட்டும் என்றால் அங்கே வைத்த காம்பவுண்டின் (ரப்பர் கலவையின்) எடையையோ வைத்த இடத்தையோ பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் என்றால் பம்பிங், மோல்டு சூடு. கேட்டபின் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். பாதிப் பேர் கெடுப்பது இங்கேதான்: ஐந்து விநாடி பொறுக்காமல் விடையைத் தாங்களே சொல்லிவிடுவார்கள். அப்புறம் யார் யோசிப்பார்?

பிரஸ்ஸுக்குள் கை போகிறது, ஹோஸில் எண்ணெய் பீய்ச்சுகிறது என்றால் கோச்சிங் கிடையாது. "நிறுத்து!" மட்டும்தான்.

ஆளை மொத்தமாக எடை போடாதீர்கள். பிரஸ்ஸில் கில்லாடி, ரப்பரின் கடினத்தை அளக்கும் ஹார்ட்னெஸ் மீட்டரைத் தொட்டே இருக்க மாட்டார். ஒரு தாளில் பெயர்களைக் கீழாகவும் வேலைகளைக் குறுக்காகவும் எழுதி, கட்டத்துக்கு நாலு நிலை வையுங்கள்: காட்டியாச்சு, பார்வையில் செய்கிறார், தனியாகச் செய்கிறார், சொல்லித்தருகிறார். அந்தந்த ஆளை வைத்துக்கொண்டே நிரப்புங்கள். எந்த வேலைக்கு "தனியாக" என்ற நிலையில் ஒரே ஒருவர் இருக்கிறாரோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

பழைய கைகள் தொழிலை எளிதில் விட்டுத்தர மாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் தனக்கு என்ன மதிப்பு என்ற பயம்தான். அதில் நியாயமும் உண்டு. "அண்ணே, இவனை நீங்கதான் தயார் பண்ணணும்" என்று எல்லோர் முன்னாலும் பொறுப்பைக் கொடுங்கள். வெறும் வார்த்தை ரொம்ப நாள் தாங்காது; இன்கிரிமென்ட் பேசும்போது நாலாவது நிலைக்குத் தனியாக ஒரு தொகை கேட்டு வாங்குங்கள்.

பீஸ் ரேட்டில் கூலி என்றால் இன்னொரு சிக்கல். பழகும் நாளில் உருப்படி குறையும், சம்பளம் விழும். எவ்வளவு நயமாகச் சொன்னாலும் பழக வர மாட்டார்கள். பழகும் நேரத்துக்கு அவரவர் முந்தைய வாரச் சராசரியைக் கூலியாகக் கொடுக்க முதலாளியைச் சம்மதிக்க வையுங்கள். நீங்கள் இல்லாத நாளின் ரிஜெக்‌ஷன் கணக்கோடு போய்ப் பேசினால் காது கொடுப்பார்.