இறங்கி ஓடும் கட்சிகள்

கே: ஜனநாயகத்துக்குப் புதிய நாடுகளில் மக்கள் தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாற்றி ஓட்டுப் போடுகிறார்களே, பக்குவம் போதாதோ?

ப: மக்களைத் திட்டுமுன் கட்சிகளை விசாரியுங்கள் ஐயா. போலந்தில் 1997-ல், கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்த தொழிற்சங்கத்தின் வழிவந்த சாலிடாரிட்டி கூட்டணி 201 இடம் பிடித்து ஆட்சிக்கு வந்தது. அடுத்த தேர்தலுக்குள் உடைந்துவிட்டது. அதிலிருந்த பலர் 2001-ல் முளைத்த 'குடிமக்கள் மேடை', 'சட்டமும் நீதியும்' என்ற கட்சிகளில் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சமிருந்தவர்களால் நாடாளுமன்றத்தில் இடம் பெறக் கூட்டணிகளுக்குத் தேவையான 8 சதவீத ஓட்டு வரம்பைத் தாண்ட முடியவில்லை; ஓரிடம்கூட இல்லை. பழைய ஆதரவாளர் யாருக்கு விசுவாசமாக இருப்பது? நான் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் பார்த்த காலத்தில், கிழக்கு ஐரோப்பியக் கட்சிகளின் சுருக்கப் பெயர்களை ஓர் அட்டையில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பேன். தேர்தல் வந்தால் அட்டையை மாற்றியாக வேண்டும்!

ஓட்டு எவ்வளவு அலைபாய்கிறது என்று அளக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கட்சியின் ஓட்டுச் சதவீதமும் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று கூட்டி இரண்டால் வகுப்பது 1979-ல் பெடர்சன் என்ற ஆய்வாளர் எழுதிய கணக்கு. அதில் செத்த கட்சியின் ஓட்டும் மனம் மாறியவரின் ஓட்டும் ஒன்றாகக் கலந்துவிடும். 2014-ல் பவல், டக்கர் என்ற இருவர் இவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி போன நாடுகளில், கட்சிகள் புதிதாக வருவதும் காணாமல் போவதும்தான் பெரும்பங்கு என்று தெரிந்தது.

கே: அப்படியானால் மக்களின் கோபத்துக்கு வேலையே இல்லையா?

ப: ஏன் இல்லை? பல்கேரியாவைப் பாருங்கள். 1997 தொடக்கத்தில் விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறி, சேமிப்பெல்லாம் கரைந்தது, ஆட்சியிலிருந்த சோஷலிஸ்டுகள் போனார்கள். அடுத்து வந்த பிரதமர் கோஸ்டோவின் அரசு நாணயத்தை நிலைநிறுத்தியது, பதவிக்காலத்தையும் முடித்தது. ஆனால் ஆலைகள் மூடின, வேலைகள் போயின. 2001-ல், சிறுவனாக அரியணை ஏறி 1946-ல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட சிமியோன், தேர்தலுக்குச் சில வாரம் முன்பு ஓர் இயக்கம் தொடங்கினார். 800 நாளில் வாழ்க்கை மாறும் என்றார். 240-ல் 120 இடம் கிடைத்தது! 2009-ல் அவர் கட்சி நாடாளுமன்றத்துக்குள்ளேயே வரவில்லை. இதைப் பக்குவமின்மை என்று நான் சொல்லமாட்டேன். எந்தக் கட்சி வந்தாலும் பொருளாதாரக் கொள்கை பெரிதாக மாறாதபோது, ஆளை மாற்றுவது ஒன்றுதான் கையில் மிஞ்சுகிறது.

கே: எங்குமே கட்சிகள் நிலைக்கவில்லையா?

ப: கானாவில் நிலைத்திருக்கின்றன. 1992 முதல் அதே இரண்டு பெரிய கட்சிகள். அஷாந்திப் பகுதி ஒன்றின் கோட்டை, வோல்டா பகுதி மற்றதன் கோட்டை. ஆனாலும் 2000, 2008, 2016, 2024 தேர்தல்களில் ஆட்சி கைமாறியது. 2008-ல் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் வித்தியாசம் சுமார் 40 ஆயிரம் ஓட்டு. அங்கே கட்சி மாறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆட்சியை மாற்ற அவர்களே போதும்.