மருத்துவமனையை விட்டு நிறுவனத்துக்கு: பட்டர்வொர்த் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போனதையும், உங்கள் கணவர் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்ததையும் எழுதியிருந்தீர்கள். அப்படிப் படிக்க வைத்த மகள் 29 வயதில் மருத்துவமனையை விட்டுவிட்டு, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் மருத்துவக் கருவி தயாரிக்கும் நிறுவனத்துக்குப் போகிறேன் என்றால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும். "இதற்காகவா இத்தனை பாடுபட்டோம்?" என்ற உங்கள் கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

நம் வீடுகளில் டாக்டர் என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் தோட்டத்திலிருந்து வந்தது. ரப்பர் தோட்டத்தில் காய்ச்சல், வெட்டுக்காயம், பிரசவ வலி எதுவானாலும் தோட்ட மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் ஐயாவிடம்தான் ஓடுவார்கள். டாக்டர் என்பவர் எப்போதாவது காரில் வந்து இறங்கும் பெரிய மனிதர். அந்தக் காரிலிருந்து நம் பிள்ளை இறங்க வேண்டும் என்று ஏங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஹவுஸ்மேன்களாக, அதாவது பயிற்சி மருத்துவர்களாக, இருக்கிறார்கள். அதனால் உங்கள் வருத்தத்தை வீண் கௌரவம் என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் மகளிடம் நீங்கள் இன்னும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அவர் விட்டுப்போக நினைப்பது நோயாளிகளையா, அந்த வார்டையா?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் மருத்துவர் ராஜினாமாக் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டே என்னிடம் வந்தார். எம்.பி.ஏ. படிக்க எங்கே விண்ணப்பிக்கலாம் என்று கேட்டார். பேசப் பேச, சர்க்கரை நோய்க்காரப் பாட்டி ஒருவர் தன் கையாலேயே இன்சுலின் போடக் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. இரவுப் பணியையும் மேலதிகாரியின் வசவையும் சொன்னபோது வாடியது. அவருக்கு வேண்டியிருந்தது வேறு வகை மருத்துவப் பணி. அரசு சுகாதாரக் கிளினிக்குக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். இன்று குடும்ப மருத்துவ நிபுணராகும் பாதையில் இருக்கிறார். அந்தக் கடிதம் கொடுக்கப்படவே இல்லை.

உங்கள் மகள் சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பது வேறு மாதிரி இருக்கிறது. வார்டில் மருந்து செலுத்தும் பம்ப் இரவில் ஓயாமல் அலறுவதையும், தாதியர் அதை அணைத்து அணைத்துச் சலித்துப்போவதையும் பார்த்து, இதை ஏன் இப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அவர் யோசித்திருக்கிறார். மருத்துவம் சலித்தவர் இப்படிக் கேட்கமாட்டார். ஒரு நோயாளியின் தொல்லையிலிருந்து ஆயிரம் நோயாளிகளின் தொல்லைக்கு அவர் மனம் நகர்ந்திருக்கிறது.

அந்த நிறுவனத்தில் டாக்டருக்கு என்ன வேலை, விற்பனையா என்று கேட்டிருந்தீர்கள். விற்பனைதான் என்று நினைத்துப் பல பெற்றோர் கலங்குகிறார்கள், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியபோது மின்னணுத் தொழிற்சாலைகளால்தான் பேர் பெற்றது. அதே தொடக்க காலத்தில் வந்த பி. பிரவுன் போன்ற மருத்துவக் கருவி நிறுவனங்களும் இங்கே வேர்விட்டன. இன்று பெருநிலப் பக்கத்திலுள்ள பத்து காவான் என்ற ஊர் வரை இந்தத் தொழில் பரவியிருக்கிறது. மலேசியாவில் 2012இல் மருத்துவக் கருவிகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. கருவி பாதுகாப்பானது, சொன்ன வேலையைச் செய்கிறது என்பதற்குச் சான்று காட்டிப் பதிவு செய்யாமல் அதைச் சந்தையில் விற்க முடியாது. அந்தச் சான்றைப் படித்து எடைபோட மருத்துவம் தெரிந்தவர் வேண்டும். விற்ற பிறகும் வேலை முடிவதில்லை. எங்கோ ஒரு மருத்துவமனையில், குழாய் செருகிய நோயாளிக்கு ரத்தக்கசிவு என்று புகார் வருகிறது. பொறியாளர் குழாயை அளந்து பார்த்து அளவெல்லாம் சரி என்பார். நோயாளி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறாரா, குழாயைச் செருகிய இடம் சரிதானா, குறை கருவியிலா நோயிலா என்று கேட்கத் தெரிந்தவர் மருத்துவர்தான். அவர் சொல்லும் பதிலைப் பொறுத்து ஒரே தொகுதியாகத் தயாரான கருவிகள் முழுவதையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற நேரலாம். இரவு மூன்று மணிக்கு வார்டில் நின்ற அனுபவம் இங்கே வீணாகாது.

இனி, மகளுக்கு நான் சொல்ல விரும்புவது. போகலாம், ஆனால் இந்த மாதமே போக வேண்டாம்.

ஹவுஸ்மேன்ஷிப் இரண்டு ஆண்டு முடித்து, மலேசிய மருத்துவ மன்றத்தில் முழுப் பதிவும் பெற்றுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். மிக நல்லது. அதன்பின் வரும் கட்டாய அரசுப் பணியில் ஓராண்டுதான் ஆகியிருக்கிறது. மீதி ஓராண்டையும் முடித்துவிடட்டும். ஹவுஸ்மேன்ஷிப்பின் நடுவிலேயே விலகிய ஒரு தம்பியை எனக்குத் தெரியும். மருந்து விற்பனைப் பிரதிநிதியாகச் சேர்ந்து நன்றாகவே உழைத்தார். மூன்று ஆண்டு கழித்து அதே நிறுவனத்தில் மருத்துவ ஆலோசகர் பதவி காலியானது. முழுப் பதிவு உள்ளவர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எட்டு ஆண்டு உழைப்பில் கடைசி முடிச்சை மட்டும் போடாமல் விட்டதன் விலை அது. உங்கள் மகளுக்கு அது வேண்டாம். அரசு உபகாரச் சம்பளத்தில் படித்திருந்தால் அதன் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு பணி என்று இருக்கிறது, முறித்தால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் தாளை எடுத்து வைத்துப் படியுங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

விலகிய பிறகும் ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பித்து வரட்டும். அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும், கொஞ்சம் சிரமம்தான். சனிக்கிழமைகளில் ஒரு தனியார் கிளினிக்கில் உட்கார நிறுவனம் எழுத்தில் அனுமதித்தால், கைப்பழக்கமும் போகாது, கதவும் மூடாது. அந்தக் கதவு முழுதாகத் திறந்தே இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஐந்தாறு ஆண்டு கழித்து அறுவை சிகிச்சை நிபுணராக வேண்டும் என்று ஆசை வந்தால் திரும்பும் பாதை மிகக் கடினம். அந்த ஆசை உள்ளே ஒரு மூலையிலாவது இருக்கிறதா என்பதை அவர் இப்போதே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எம்.பி.ஏ. படிக்கலாமா என்றால், இப்போது வேண்டாம். பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். கோலாலம்பூரில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்லோன் வணிகப் பள்ளியுடன் சேர்ந்து 2015இல் தொடங்கிய ஏஷியா ஸ்கூல் ஆஃப் பிசினஸும் இருக்கிறது. எதுவும் ஓடிப்போகாது. இரண்டு ஆண்டு வேலை செய்த பிறகு தனக்கு நிதிக் கணக்கு தெரியவில்லையா, ஆட்களை நடத்தத் தெரியவில்லையா என்பது புரியும். அப்போது படிக்கும் படிப்பு ஒட்டும். வேலை தெரியாமல் வாங்கும் பட்டத்துக்காக உங்கள் வீட்டில் இன்னொரு நகை அடகுக்குப் போகக் கூடாது.

விண்ணப்பத்தையும் அவர் புதிதாக எழுத வேண்டும். மருத்துவர்கள் எந்தெந்தத் துறையில் எத்தனை மாதம் இருந்தோம் என்று வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நிறுவனத்துக்காரருக்கு அதில் ஒன்றும் புரியாது. அந்த பம்ப் கதையை எழுதட்டும். எந்த நேரத்தில் அதிகம் அலறியது, தாதியரிடம் என்ன கேட்டார், என்ன மாற்றிப் பார்த்தார், பிறகு என்ன ஆனது என்று நாலு வரி போதும். மாற்றிப் பார்க்கவில்லை என்றால், இன்னும் ஓராண்டு வார்டில்தான் இருக்கப் போகிறார். துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டுச் செய்து பார்க்கட்டும்.

சம்பளத்தைப் பற்றி உங்கள் கணவர் கேட்டிருந்தார். தொடக்கச் சம்பளம் பெரிதாக உயர்ந்துவிடாது. கூடுதல் நேரப் பணிக்குக் கிடைக்கும் ஆன்-கால் படியும் நின்றுபோகும். அரசு ஓய்வூதியம் போய்விடுமே என்று அவர் கவலைப்படுவது புரிகிறது. ஆனால் 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில்தான் எடுக்கப்பட்டார்கள், ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓய்வூதியம் கிடையாது. 2021 ஜூலை 26ஆம் தேதி நாடு முழுவதும் ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் வெளிநடப்புச் செய்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். கோவிட் உச்சத்தில் இருந்த நேரம் அது. அந்த நிலையற்ற தன்மைக்குள்தான் உங்கள் மகளும் வேலை பார்த்து வருகிறார். அவருடைய களைப்பைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஊர் என்ன சொல்லும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அப்போலோ மருத்துவமனையை 1983இல் சென்னையில் தொடங்கிய பிரதாப் ரெட்டி இதயநோய் மருத்துவர்தான்; பல ஆண்டு நோயாளிகளைப் பார்த்த பிறகே நிர்வாகத்துக்கு வந்தார். உங்கள் மகள் அவரைப் போல ஆவார் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. கோயிலில் யாராவது கேட்டால், "என் மகள் டாக்டர், இப்போது மருத்துவக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறார்" என்று சொல்லுங்கள். அது முழு உண்மை.

வரும் சனிக்கிழமை மாலை மூவரும் லிட்டில் இந்தியாவில் என் அலுவலகத்துக்கு வாருங்கள். அரசு ஒப்பந்தக் கடிதத்தையும், நிறுவனம் வேலைக்கு அழைத்து அனுப்பிய கடிதத்தையும் மகள் எடுத்து வரட்டும். சேரும் தேதியைத் தள்ளிப்போடும்படி எப்படிக் கேட்பது என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம். முதல் அரை மணி நேரம் அவர் பேசட்டும், நாம் மூவரும் கேட்போம்.