வெயிலில் காயாத ஜியோலைட்

கேள்வி: எட்டு மாடுகள் இருக்கின்றன. சாண எரிவாயு தினமும் சுமார் 3 கன மீட்டர் கிடைக்கிறது, அடுப்புக்கும் சிறிய ஜெனரேட்டருக்கும் பயன்படுத்துகிறேன். கார்பன் டை ஆக்சைடை நீக்க 10 கிலோ 13எக்ஸ் ஜியோலைட் (நுண்துளைகளில் வாயுவைப் பிடித்துவைக்கும் பொருள்) மணிகள் வாங்கி 4 அங்குல பிவிசி குழாயில் நிரப்பினேன். முதல் நாள் தீ நன்றாக எரிந்தது. மறுநாளே பழைய கதை. இரண்டு நாள் வெயிலில் காயவைத்தும் பலனில்லை. சரக்கு போலியா?

பதில்: சரக்கைச் சந்தேகிக்கும் முன் கணக்கைப் பாருங்கள். சாண எரிவாயுவில் சுமார் 40 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. கன மீட்டருக்கு ஏறக்குறைய 700 கிராம். மணிகள் அதைப் பிடிக்கும்போதே சூடாகும், சூடானால் பிடிமானம் குறையும். ஆகவே நடைமுறையில் கிலோவுக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் 10 கிலோ, ஒன்றரை கன மீட்டரிலேயே நிரம்பிவிடும். அதாவது அரை நாள் வாயு.

இதைவிடப் பெரிய எதிரி ஈரம். 13எக்ஸின் துளை வாய் சுமார் 0.74 நானோமீட்டர், மீத்தேனும் தாராளமாக நுழையும். பிரித்துக் கொடுப்பது துளையின் அளவு அல்ல, உள்ளே உள்ள சோடியம் அயனிகளின் ஈர்ப்பு. அவை மீத்தேனைவிடக் கார்பன் டை ஆக்சைடை இறுக்கிப் பிடிக்கும். தண்ணீரை அதைவிட இறுக்கமாக. வாயு 30 டிகிரியில் கன மீட்டருக்கு 30 கிராம் நீராவியைச் சுமந்து வருகிறது. அந்த நீர் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தையும் இந்த மணிகள் தம் எடையில் கால் பங்குவரை உறிஞ்சும். நீங்கள் வெயிலில் வைத்தது காயவைத்ததல்ல, ஈரம் ஏற்றியது.

சோதித்துப் பாருங்கள்: நாலைந்து மணிகளை ஒரு தட்டில் வைத்துச் சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உலர்ந்த மணி சுருக்கென்று சூடாகும். ஈரம் நிரம்பியது அசையாது.

மீட்க, முதலில் மணிகளைத் திறந்தவெளியில் ஒரு மணி நேரம் பரப்பி, தங்கியிருக்கும் மீத்தேனை வெளியேற்றுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு உலையில் வைப்பது ஆபத்து. பிறகு இரும்புத் தட்டில் 2 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம், மெல்ல ஏற்றி 300 டிகிரியில் நான்கு மணி நேரம் வையுங்கள். எடுத்த எடுப்பில் 300க்குப் போனால் உள்ளிருக்கும் நீராவியே படிக அமைப்பைச் சிதைக்கும். வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும். ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் கேட்டுப் பாருங்கள். கந்தக வாடை வரலாம், காற்றோட்டம் வேண்டும். ஆறும்போதே மூடி இறுக்கமான டப்பாவில் அடையுங்கள்.

குழாய் வரிசையும் முக்கியம். முதலில் துருப்பிடித்த லேத் சுருள் (லேத் பட்டறையில் கழியும் இரும்புச் சீவல்): சாண எரிவாயுவில் உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கந்தக வாயுவை அதுதான் பிடிக்கும், அதற்குக் கொஞ்சம் ஈரமும் தேவை. ஆகவே ஈரத்தை நீக்கும் பகுதி அதற்குப் பின்னால்தான். அடுத்து நீர் வடியும் பொறி, பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். 5 கன மீட்டருக்கு ஒரு கிலோ. கடைசியில் ஜியோலைட். கறுத்த லேத் சுருளை வெளியே எடுத்தவுடன் நனைத்துவிடுங்கள். காற்றுப் பட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம்.

ஈரமில்லாமல் கார்பன் டை ஆக்சைடால் மட்டும் நிரம்பிய மணிகளுக்கு உலை வேண்டாம், வெற்றிடப் பம்பே போதும். ஆனால் தினமும் ஓட மணிகள் நிரப்பிய இரண்டு கோபுரங்கள், வால்வுகள், பம்பு எல்லாம் வேண்டும். 3 கன மீட்டருக்கு இந்தச் செலவு கட்டாது என்பது என் கருத்து. அடுப்புக்குக் கார்பன் டை ஆக்சைடை நீக்கவே தேவையில்லை. பர்னரில் காற்றுத் துளையைச் சரிசெய்தால் தீ நீலமாகும். ஜெனரேட்டருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஈரமும் போனால் போதும்.

சுத்தப்படுத்திய வாயுவை எல்பிஜி சிலிண்டரில் அடைக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். மீத்தேன் நம் ஊர் வெப்பத்தில் திரவமாகாது. அதை அடைக்கத் தேவைப்படும் அழுத்தத்தை அந்தச் சிலிண்டர் தாங்காது.