அயோவா விவசாயியின் வேர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (கோவை வாசகி): என் மருமகன் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டெகோரா என்ற ஊருக்கு அருகில் பிறந்தவர். பேத்திக்கு எங்கள் பக்கத்து முன்னோர் கதைகளை எல்லாம் சொல்லிவிட்டேன். தந்தை வழிக் கதையை அவள் கேட்டால் அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மருமகனுடைய தாத்தாவின் தாத்தா 1870-களில் நார்வேயிலிருந்து வந்து, நிலம் வாங்கிப் பயிர் செய்து, 1930-களில் காலமானார் என்பது மட்டுமே தெரியும். பதவியோ புகழோ இல்லாத ஒரு சாதாரண விவசாயியைப் பற்றி இன்று எதைக் கண்டுபிடிக்க முடியும்?

பதில்: நிறையவே கண்டுபிடிக்க முடியும். ஆனால் எடுத்த எடுப்பில் நார்வேக்குப் போய்த் தேட வேண்டாம். ஒரே பெயரில் அங்கே நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள். அவர்களில் உங்கள் சம்பந்தி வீட்டு முன்னோர் யார் என்று அடையாளம் காட்டும் செய்திகள் அயோவாவில்தான் இருக்கின்றன. முதலில் அந்தக் குடும்பத்தின் மூத்தவர்களிடம் பேசச் சொல்லுங்கள். பழைய புகைப்படங்களின் பின்புறத்தையும், வீட்டு பைபிளின் முன்பக்கங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகள் கழித்தே வெளியிடப்படுவதால் இன்று பார்க்கக் கிடைப்பவற்றில் கடைசியானது 1950-ஆம் ஆண்டினுடையது. அதிலிருந்து பத்துப் பத்து ஆண்டுகளாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1900-ஆம் ஆண்டுப் பதிவில் ஒவ்வொருவரும் பிறந்த மாதமும் ஆண்டும், அமெரிக்காவுக்கு வந்த ஆண்டும், ஒரு தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, அவர்களில் உயிருடன் இருப்பவர் எத்தனை என்பதும் உண்டு. 1890-ஆம் ஆண்டுப் பதிவுகளில் பெரும்பகுதி, 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தால் அழிந்துபோயின. இந்த இருபது ஆண்டு இடைவெளியில் பல குடும்பங்களின் தடம் தவறிவிடுகிறது. ஆனால் அயோவா மாநிலம் 1885-லும் 1895-லும் தானே ஒரு கணக்கெடுப்பை நடத்தியிருப்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அதே மாநிலம் 1925-ல் நடத்திய கணக்கெடுப்பைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். அதில் ஒவ்வொருவரிடமும் தந்தையின் பெயர், தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், பெற்றோர் பிறந்த இடம், அவர்களுக்குத் திருமணம் நடந்த இடம் ஆகியவற்றையும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நீங்கள் தேடும் மனிதர் 1930-களில்தான் காலமானார் என்றால், 1925-ல் அவர் அயோவாவிலேயே இருந்திருக்கும் பட்சத்தில், நார்வேயில் வாழ்ந்த அவருடைய பெற்றோரின் பெயர்கள் அந்த ஒரே பக்கத்தில் கிடைத்துவிடக்கூடும். வயதும் ஆண்டும் ஒன்றிரண்டு முன்பின்னாக இருந்தால் திகைக்க வேண்டாம். வந்த அலுவலரிடம் பதில் சொன்னவர் மனைவியாகவோ அண்டை வீட்டுக்காரராகவோ இருந்திருக்கலாம்.

பெயர்களைச் சேர்த்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். 1850 முதல் 1880 வரையிலான கணக்கெடுப்புகளில் விவசாயத்துக்கென்று தனிப் பட்டியல் இருந்தது. எத்தனை ஏக்கர் உழவில் இருந்தது, எத்தனை குதிரைகள், எத்தனை கறவை மாடுகள், எத்தனை பவுண்டு வெண்ணெய் எடுத்தார்கள், எவ்வளவு சோளமும் கோதுமையும் விளைந்தன என்று பண்ணை வாரியாக அதில் எழுதியிருக்கிறார்கள். 1880-ஆம் ஆண்டுப் பட்டியலில் கோழிகளும் முட்டைகளும்கூட உண்டு. உங்கள் பேத்தி அந்த வரியைப் படித்தால், அந்த வீட்டில் விடியற்காலையில் யார் யாருக்கு என்னென்ன வேலை இருந்திருக்கும் என்பதை அவளே சொல்லிவிடுவாள். அதன் பிறகு, நிலப் பத்திரங்களையும் வாரிசுரிமை வழக்குக் கட்டுகளையும் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகங்களில் கேளுங்கள். மணமாகிப் போன பெண்கள் புகுந்த வீட்டுப் பெயருடன் அந்தக் கட்டுகளில் குறிக்கப்பட்டிருப்பதால், அறுந்துபோன பல கிளைகள் அங்கே மீண்டும் இணைகின்றன.

கடல் கடக்க உதவுவது தேவாலயப் பதிவேடு. நார்வீஜிய லூத்தரன் சபைகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளில் பிறந்த ஊர்ச் சபையின் பெயரைப் பலமுறை காணலாம். அந்தப் பெயர் கிடைத்தபின் நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஜிட்டல்ஆர்க்கிவெட்' தளத்தில் ஞானஸ்நானப் பதிவையும் 1865-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அங்கே குடும்பப் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள். லார்ஸ் என்பவரின் மகன் ஓலே, 'ஓலே லார்சன்'. அவர் மகனோ 'ஓல்சன்'. நம் முன்னெழுத்தைப் போலவே அதுவும் தலைமுறைதோறும் மாறும். அதனுடன் குடியிருந்த பண்ணையின் பெயரும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்கா வந்த பலர் அந்தப் பண்ணைப் பெயரையே நிரந்தரக் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள்.

குடும்ப வரலாற்று ஆவணங்களைத் தரும் 'ஃபேமிலிசர்ச்' இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினாலே மேற்சொன்ன கணக்கெடுப்புகளில் பெரும்பாலானவை கிடைக்கும். பிறர் அங்கே வரைந்து வைத்திருக்கும் வம்ச மரங்களை மட்டும் மூல ஆவணத்துடன் ஒப்பிடாமல் ஏற்காதீர்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): நியூயார்க் துறைமுகத்தின் குடியேற்றச் சோதனை நிலையமாக இருந்த எல்லிஸ் தீவின் அதிகாரிகள் வந்தவர்களின் பெயர்களை மாற்றி எழுதிவிட்டதால், பழைய பெயரைக் கண்டுபிடிக்கவே முடியாது என்கிறார்களே?

பதில்: அது பரவலான நம்பிக்கை, உண்மை அதுவன்று. புறப்படும் துறைமுகத்தில் கப்பல் நிறுவனம் தயாரித்த பட்டியலை வைத்தே அங்கிருந்த அதிகாரிகள் சரிபார்த்தார்கள். பெயர் சூட்டுவது அவர்கள் வேலையாக இருக்கவில்லை. பெயர்களைச் சுருக்கியதும் மாற்றியதும் பெரும்பாலும் பின்னாளில் அந்தந்தக் குடும்பங்களே. மேலும் எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டது 1892 ஜனவரி 1-ஆம் தேதி. 1870-களில் நியூயார்க்கில் இறங்கியவர்கள் அதற்கு முந்தைய குடியேற்ற நிலையமான கேசில் கார்டன் வழியாகவே வந்தார்கள். நார்வீஜியர் பலர் கனடாவின் கியூபெக்கில் இறங்கி மேற்கே பயணம் செய்ததால், நியூயார்க் பட்டியல்களில் பெயர் இல்லை என்றால், 1865 முதல் பாதுகாக்கப்பட்டுள்ள கியூபெக் பயணிகள் பட்டியல்களில் தேடுங்கள்.