பிகிள்ஸ் புத்தகங்கள்: முதற்பதிப்பு என்றால் நம்பி வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் லண்டனில் வசிக்கிறோம். பள்ளி நூலகத்தில் எடுத்த, பிகிள்ஸ் என்ற விமானியின் சாகசக் கதை ஒன்று எங்கள் 11 வயது மகனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. பிறந்தநாளுக்குச் சில புத்தகங்கள் வாங்கித் தர நினைத்து இணையத்தில் தேடினால், ஒரே தலைப்பைச் சிலர் மிகக் குறைந்த விலைக்கும், வேறு சிலர் 'முதற்பதிப்பு' என்று சொல்லிப் பல மடங்கு விலைக்கும் விற்கிறார்கள். எதை வாங்குவது? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: மகன் படிப்பதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்பதால், 'முதற்பதிப்பு' என்ற சொல்லுக்காக ஒரு பவுண்டுகூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். முதல் தொகுப்பு 1932-இல் வெளிவந்தது, ஆசிரியர் டபிள்யூ. ஈ. ஜான்ஸ் 1968-இல் மறையும்வரை எழுதிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ நூறு புத்தகங்கள் கொண்ட இந்த வரிசையில் பலவும் திரும்பத் திரும்ப அச்சானவை என்பதால், படிக்கத் தகுந்த பிரதிகளுக்குப் பஞ்சமில்லை.

சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுப்பது 1930-களின் தொடக்ககாலப் பதிப்புகளுக்கு, அதுவும் மூல மேலுறையோடு (அட்டைமேல் போர்த்திய தாள் உறையோடு) கிடைத்தால்தான். விற்பவர் ஏமாற்ற நினைக்காவிட்டாலும் இங்கே தவறு நேரும்: தலைப்புப் பக்கத்தின் பின்புறம் கதை முதலில் வெளியான ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும், அதற்குக் கீழே உள்ள மறுஅச்சு விவரங்களைக் கவனிக்காமல் அந்த ஆண்டையே பதிப்பாண்டு என்று எழுதிவிடுகிறார்கள். டீன் போன்ற நிறுவனங்களின் மலிவுவிலை மறுபதிப்புகளில் ஆண்டே இல்லாத பிரதிகளும் உண்டு. ஆண்டு இல்லை என்பதால் ஒரு புத்தகம் அரியதாகிவிடாது. ஆகவே விலை சற்று அதிகமாகத் தோன்றினாலே, அந்தப் பின்பக்கத்தின் படத்தையும் முதுகுப் பகுதியின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். மேலுறை மூலமா, பின்னாளில் அச்சிட்ட நகலா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

தொடங்குவதற்கு 1935-இல் வந்த 'பிகிள்ஸ் லேர்ன்ஸ் டு ஃப்ளை' மிகப் பொருத்தமானது. 1916-இல், 17 வயதில், போதிய பயிற்சியின்றிப் போர்முனைக்கு அனுப்பப்படும் இளைஞனாக நாயகன் அதில் அறிமுகமாகிறான். ஜான்ஸ் தாமே முதல் உலகப் போரில் டிஎச்4 குண்டுவீச்சு விமானம் ஓட்டி, 1918 செப்டம்பரில் சுட்டு வீழ்த்தப்பட்டு, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். அந்த ஆரம்பக் கதைகளில் இயந்திரக் கோளாறும் குளிரும் நண்பர்களின் இழப்பும் உண்மையாக ஒலிப்பதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம். பின்னாளில் வந்த துப்பறியும் கதைகளைவிட இவற்றையே நான் பரிந்துரைப்பேன். அடுத்ததாக, பாலஸ்தீனப் போர்முனையில் உளவாளியாக அவன் செல்லும் 'பிகிள்ஸ் ஃப்ளைஸ் ஈஸ்ட்' நூலை வாங்கலாம். ஃபான் ஸ்டால்ஹைன் என்ற நெடுநாள் எதிரி அதில்தான் முதலில் தோன்றுகிறான்.

பதிப்புக்குப் பதிப்பு வாசகமும் மாறும். விமான இதழ் ஒன்றின் வாசகர்களுக்காக ஜான்ஸ் எழுதிய ஒரு கதையில் பரிசாக வைக்கப்பட்ட விஸ்கி, 1950-களின் மறுபதிப்பில் எலுமிச்சைப் பானமாயிற்று. இதைவிட முக்கியமானது, பழைய நூல்கள் சிலவற்றில் ஆப்பிரிக்கர்களையும் ஆசியர்களையும் இழிவாகக் குறிக்கும் சொற்கள் இருப்பதுதான். நம் பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுவது அவசியம். இந்த ஒரு காரணத்துக்காகவே, திருத்தப்பட்ட பிற்காலக் காகித அட்டைப் பதிப்புகளை முதலில் பார்க்கச் சொல்வேன்.

வணிகரிடம் இணையத்தில் வாங்கினால், புத்தகம் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வாங்கியதை ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையதாக இருக்கலாம். விவரித்தபடி இல்லையென்றால், 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் புத்தகத்தை ஏற்க மறுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். தனிநபரிடம் வாங்கும்போது அந்த 14 நாள் உரிமை கிடையாது. ஆனாலும் பொருள் விவரித்தபடி இருந்தாக வேண்டும். ஆகவே பணம் செலுத்துமுன் விற்பனை விவரம் முழுவதையும் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துச் சேமித்து வையுங்கள்.